மார்கழி நீராட்டும் திருவெம்பாவையும்

ஞாயிறு தனு இராசியில் நிற்கும் காலம் மார்கழித் திங்களாகும். ஆண்டினை ஆறு பெரும்பொழுதாக வகுத்த பண்டைத் தமிழர், மார்கழியையும் தையையும் சேர்த்து முன்பனிக் காலம் என்றனர். இத்திங்களின் நிறைமதி மிருகசீரிடத்தையோ அதனை அடுத்து நிற்கும் திருவாதிரையையோ சார்ந்து வருதலின், மார்கசீர்ஷம் என வடமொழியிலும் மார்கழி எனத் தமிழிலும் பெயர் வழங்குவதாயிற்று. ஞாயிற்றின் செலவினால் அளக்கப்படும் பன்னிரு திங்களுள் நாளளவிற் குறுகியது இதுவே. பெரும்பாலும் இருபத்தொன்பது நாட்களே இதற்கு உண்டு. ஆயினும் சைவர்க்கும் வைணவர்க்கும் இதனினும் நிறைந்த வழிபாட்டுக் காலம் பிறிதொன்றில்லை.

இவ்வாறிருக்க, இத்திங்களைப் ‘பீடை மாதம்’ என்று இகழ்வாரும் உளர். திருமணம் செய்தலும், புதுமனை புகுதலும், கோயில்களிற் குடமுழுக்கு நிகழ்த்துதலும் இத்திங்களில் இல்லாமையைக் கண்டு, இது தீய மாதம் போலும் என மக்கள் மயங்கினர். அம்மயக்கத்தை நீக்கக் கருதிய அன்பர் சிலர், ‘பீடு உடைய மாதம்’ என்பதே மருவிப் ‘பீடை மாதம்’ என்றாயிற்று என்று விளக்கம் கூறுவர். கருத்து நல்லதே, எனினும் சொல்லாராய்ச்சி இதற்குத் துணை செய்வதன்று. பீடை என்பது துன்பம் எனப் பொருள்படும் வடசொல். பெருமையைக் குறிக்கும் பீடு என்னும் தமிழ்ச் சொல்லோடு அதனை வலிந்து பிணைக்க வேண்டுவதில்லை. மார்கழியின் பெருமை சொற்சிலம்பத்தில் நிற்பதன்று, வரலாற்றில் நிற்பது.

மணவினையை விலக்கியதன் காரணமும் எளிதே. நம் ஓராண்டு தேவர்க்கு ஒரு நாள் என்பது நூல் வழக்கு. தை முதல் ஆனி வரை அவர்க்குப் பகல். ஆடி முதல் மார்கழி வரை இரவு. ஆகவே மார்கழி அவர்தம் வைகறைப் பொழுது. தில்லையிற் கூத்தப்பெருமானுக்கு ஆண்டில் ஆறு முறை திருமஞ்சனம் ஆட்டுவது இக்கணக்கை ஒட்டியே ஆகும். மார்கழித் திருவாதிரை வைகறைப் பூசை, மாசி காலைப் பூசை, சித்திரைத் திருவோணம் உச்சிக் காலம், ஆனி உத்திரம் மாலை, ஆவணி இரண்டாங் காலம், புரட்டாசி அர்த்தயாமம் எனக் கொள்வர். வைகறையிற் செய்யத்தக்கது துயிலெழுதலும் நீராடலும் இறைவனை நினைத்தலுமே அன்றி, உலகியற் சடங்குகள் அல்ல. ஆதலின் பெரியோர் அவற்றை ஒதுக்கி வைத்தனர். தீமை பற்றி ஒதுக்கினரல்லர், இறைவனுக்கென்று ஒதுக்கினர்.

வான நூல் வல்லார் ஒரு தடை எழுப்பக் கூடும். ஞாயிறு வடக்கு நோக்கித் திரும்புவது இன்று தைப் பிறப்பிலன்று. மார்கழி முதல் வாரத்திலேயே, அதாவது டிசம்பர் 21 அல்லது 22-ஆம் நாளில், அது திரும்பி விடுகிறது. அயன நகர்ச்சியினால் ஏறத்தாழ இருபத்து நான்கு நாள் வேறுபாடு நேர்ந்துளது. ஏறக்குறைய 1700 ஆண்டுகட்கு முன் இரண்டும் ஒன்றியிருந்தன. இத்தடையால் வழிபாட்டிற்கு இழுக்கு யாதும் இல்லை. நீண்ட இரவுகள் குறையத் தொடங்குவது இன்றும் மார்கழியிலேயே.

இத்திங்களின் வரலாற்றைத் தொடங்க வேண்டுமிடம் வையைக் கரையாகும். பரிபாடலிற் பதினொன்றாம் பாடல் நல்லந்துவனார் பாடியது. பெருமழை ஓய்ந்து, வெள்ளம் தணிந்து, வெயில் சுடாத முன்பனிப் பொழுதில், மார்கழி நிறைமதி பொருந்திய திருவாதிரை நாளில் நிகழ்ந்த ஒரு நோன்பினை அப்பாடல் விரித்துரைக்கின்றது. அந்தணர் ஆதிரைக்குரிய விழாவைத் தொடங்குகின்றனர். கன்னிப் பெண்கள், முறையறிந்த முதுபெண்டிர் வழிகாட்ட, விடியலில் ஆற்றில் நீராடுகின்றனர். உலகம் வெம்மையுறாது மழையாற் குளிர்க என்று வாழ்த்துகின்றனர். கரையில் அந்தணர் ஓம்பும் வேள்வித் தீயில் தம் ஈர ஆடையை உலர்த்திக் கொள்கின்றனர். இதற்கு ‘அம்பா ஆடல்’ என்று பெயர். அம்பா என்பது தாய். தாயருகே நின்று ஆடுதலின் இப்பெயர் வந்தது என்பர் உரைகாரர்.

இங்கே நோக்கத்தக்கது ஒன்று. நாட்டின் நலத்திற்காக நோற்பவர் அரசரல்லர், மறைவல்ல ஆடவரும் அல்லர், சிறு பெண்கள். அவர் வேண்டுவன இரண்டே: மழை, நல்ல கணவர். முன்னது உலகிற்கு, பின்னது தமக்கு.

நற்றிணை, ஐங்குறுநூறு, கலித்தொகை ஆகிய நூல்கள் இந்நீராடலைத் தைத் திங்களுக்கு உரியதாகக் கூறுகின்றன. பரிபாடலோ மார்கழி என்கின்றது. இஃது முரண் அன்று. நிறைமதி முதல் நிறைமதி வரை ஒரு திங்கள் எனக் கணக்கிடும் வழக்கில், மார்கழி நிறைமதியன்று தொடங்கும் நோன்பு முழுவதும் தைத் திங்களிலேயே சென்று முடியும். பின்னாளில் ஞாயிற்றின் செலவு பற்றிய கணக்குத் தமிழகத்தில் நிலைபெற்றபோது, நோன்பு மார்கழிக்கே உரியதாயிற்று என அறிஞர் சிலர் கொள்வது பொருத்தமாகவே தோன்றுகிறது. வடநாட்டிலும் இவ்வழக்கு இருந்ததற்குப் பாகவதம் சான்று தரும். ஆயர் சிறுமியர் மார்கழியில் யமுனையில் நீராடி, மணலாற் காத்தியாயனியின் உருச் செய்து வழிபட்டனர் என்று அதன் பத்தாம் கந்தம் கூறும்.

ஆற்றங்கரையில் தோன்றிய இந்நோன்பு திருக்கோயிலுக்குள் புகுந்தது எப்போது? ஆதிரை சிவபெருமானுக்குரிய நாள். ‘ஆதிரையான்’ என்பது அவன் திருப்பெயர்களுள் ஒன்று. வானத்தில் அந்நாள்மீன் செந்நிறமாக ஒளிர்வதை இன்றும் மார்கழி இரவில் எவரும் காணலாம். செம்மேனி எம்மானுக்கு அது உரியதாயிற்று என்பதில் வியப்பில்லை. 7-ஆம் நூற்றாண்டிற்குள் ஆதிரைநாள் பெருந்திருவிழாவாக வளர்ந்துவிட்டது. திருமயிலையில் எலும்பைப் பெண்ணுருவாக்கும்பொருட்டுத் திருஞானசம்பந்தர் அருளிய பதிகத்தில், பூம்பாவை காணாது போகலாகாத விழாக்களாக ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, தைப்பூசம் முதலியவற்றுடன் ஆதிரையும் எண்ணப்படுகின்றது. அவ்வரிசையில் பொன்னூசல் விழாவும் உண்டு என்பதை நினைவிற் கொள்க. அதன் பயன் பின்னர் விளங்கும்.

திருவாரூர்ச் சிறப்பை இங்கே சொல்லாது விடலாகாது. திருநாவுக்கரசர் ஆரூரில் ஆதிரைத் திருநாள் கண்டு திருப்புகலூர்க்கு எழுந்தருளினார். அங்கிருந்த ஆளுடைய பிள்ளையார் எதிர்சென்று, விழாவின் பெருமை எத்தகையது என்று வினவினார். அவ்வினாவிற்கு விடையாக எழுந்ததே ஆரூர்த் திருவாதிரைப் பதிகம் என்பது சேக்கிழார் வாக்கு. முத்துப் பந்தரும், மணிக்கவரியும், அன்பரும், மகளிரும், தலைமாலை பூண்ட விரதியரும் திரண்டு செல்லும் வீதியை அப்பதிகத்திற் காணலாம். விழாவை நேரிற் காணாத குழந்தைக்கு, கண்டு வந்த முதியவர் பாட்டாற் காட்டியது அது. தில்லையில் இந்நாள் தேரோட்டத்தோடு கூடியது. தேர் நிலை பெயராது நின்றபோது சேந்தனார் பல்லாண்டு பாட அது நகர்ந்தது என்பதும், அவ்வேழை அன்பர் இட்ட களியே ஆதிரைக் களியாயிற்று என்பதும் யாவரும் அறிந்தவை. அவர் பாடிய திருப்பல்லாண்டு ஒன்பதாம் திருமுறையின் இறுதியில் உள்ளது.

முதலாம் இராசேந்திர சோழன் பிறந்தது மார்கழித் திருவாதிரையில் என்று முன்னர்க் கருதப்பட்டது. திருவாரூர்க் கல்வெட்டு அதனை ஆடித் திருவாதிரை எனத் தெளிவாகக் கூறுதலின், அவ்வேந்தன் பிறந்தநாளை மார்கழி விழாவோடு இணைத்துப் பேசுதல் இனித் தவிர்க்கத்தக்கது.

ஆதிரை விழா கோயிலில் வளர்ந்தது. பெண்களின் நீராடலோ குளத்திலும் ஆற்றிலும் தொடர்ந்து நிகழ்ந்தது. இவ்விரண்டையும் ஒன்றாக்கியவர் திருவாதவூரடிகள். அவர் திருவண்ணாமலையில் தங்கியிருந்த நாளில் மார்கழி வந்தது. சிறுமியர் விடியற்குமுன் ஒருவரை ஒருவர் எழுப்பிக் கொண்டு, கூட்டமாகப் பாடி நீராடச் செல்வதை அடிகள் கண்டார். அவர் வாய்மொழியாகவே திருவெம்பாவையை அருளினார் என்று திருவாதவூரடிகள் புராணத்திற் கடவுண்மாமுனிவர் உரைப்பர். மலைவலம் செல்வோர் அடியண்ணாமலைப் பக்கத்தில் அடிகளுக்கு அமைந்த சிறு கோயிலை இன்றும் வணங்கிச் செல்கின்றனர். அடிகள் காலம் பற்றி அறிஞரிடையே வேற்றுமை உண்டு. 9-ஆம் நூற்றாண்டு என்பார் பலர்.

திருவெம்பாவை இருபது பாடல்களை உடையது. முதலெட்டும் தோழியரைத் துயிலெழுப்புவன. பின்னர் வருவன இறைவனைப் போற்றியும், தாம் அவன் அடியார்க்கே வாழ்க்கைப்பட வேண்டும் என இரந்தும், மடுவிற் பாய்ந்து நீராடியும், மேகத்தை நோக்கி மழை பொழியச் சொல்லியும் செல்வன. வையைக் கரைச் சிறுமியர் வேண்டிய இரண்டும் இங்கே அப்படியே உள. ஆயினும் அவற்றின் உட்பொருள் மாறிவிட்டது. நல்ல கணவன் என்றது அடியவனை ஆயிற்று. மழை என்றது உமையம்மையின் அருளை உவமையாகப் பெற்றது. முன்னோர் இந்நூலுக்குச் ‘சத்தியை வியந்தது’ என்று கருத்துரைத்தனர். மனோன்மணி முதலாகிய ஒன்பது சத்திகள் ஒருவரை ஒருவர் எழுப்பி உலகைப் படைத்தற்கு முற்படுவதாக நுண்பொருள் கூறுவாரும் உண்டு. அந்நுண்பொருள் போற்றத்தக்கதே. அதனைக் கற்கும் அவாவில், உறங்குகின்ற தோழியை வாயிலில் நின்று ஏசுகின்ற சிறுமியின் குரலைக் கேளாது விட்டுவிடுதல் கூடாது. அடிகள் செவிமடுத்தது முதலில் அக்குரலையே.

ஆண்டாள் நாச்சியார் அருளிய திருப்பாவை முப்பது பாடல்களும் இதே நோன்பைக் கொண்டவை. திருமலையில் மார்கழி முழுவதும் சுப்ரபாதத்தின் இடத்தில் திருப்பாவையே ஓதப்படுகிறது. சமயம் இரண்டாயினும் குளக்கரை ஒன்று.

திருவெம்பாவை எட்டாம் திருமுறையிற் சேர்ந்தபின் கோயில் வழிபாட்டில் அதற்கு நிலையான இடம் கிடைத்தது. ஆதிரைக்கு முன்னைய பத்து நாட்களும் சிவாலயங்களில் மாணிக்கவாசகர் திருவுருவை எழுந்தருளச் செய்து திருவெம்பாவை ஓதுவர். தில்லையில், கூத்தப்பெருமான் திருமுன் அடிகள் நிற்க, பாடல்தோறும் தீபாராதனை நிகழும். பத்தாம் நாள் ஆதிரைக் காட்சி. மற்றைத் தலங்களில் உற்சவ மூர்த்தியே தேரேறும். தில்லையிலோ மூலவராகிய அம்பலவாணரே ஆனியிலும் மார்கழியிலும் வீதிக்கு வருவர்.

பாடுவார் யார் என்பதே இனிக் காணத்தக்கது. பாட்டு நிற்பது ஏட்டிலன்று, மிடற்றில். மிடறு நிற்பது சோற்றில். இதனை நன்கறிந்த அரசன் முதலாம் இராசராசன். தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய நாற்பத்தெண்மர் பிடாரரையும், உடுக்கை ஒருவரும் கொட்டிமத்தளம் ஒருவருமாக இருவரையும் அவன் நியமித்தான். ஆளொன்றுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் அளக்கப்பட்டது. அவருள் எவரேனும் இறந்தாலும் பிற தேசம் சென்றாலும், அவர்க்கு அணுக்கமான உறவினர் திருப்பதியம் பாட வேண்டும். அவ்வுறவினர் பாட வல்லாரல்லராயின் வல்லார் ஒருவரை அமர்த்த வேண்டும் என்று கல்லில் வெட்டுவித்தான். அரசன் கவலை எதிலே இருந்தது என்பதை இவ்விதி காட்டுகின்றது. உரிமை குடிவழியில் வரலாம். ஆனால் பாடத் தெரியாதவன் நெல்லை வாங்கிக் கொண்டு இருத்தலாகாது.

திருவெம்பாவையைப் பொறுத்தவரை, சோழர் காலத்தில் தேவரடியார் அதனைப் பாடும் முறைமை பெற்றிருந்தனர் எனக் கல்வெட்டுகளால் அறிகிறோம். மகளிர் பாட்டாகப் பிறந்தது கோயிலிலும் மகளிர் வாயில் நின்றது. பிற்காலத்தில் அவ்வகுப்பார்க்கு நேர்ந்த தாழ்வும் துன்பமும் உலகறிந்தவை. 1947-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்தினால் பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிந்தது. ஒழிந்தது நன்று. ஆயினும் அவரோடு அவர் பாட்டுரிமையும் மறைந்தமையால், திருவெம்பாவை நெடுங்காலம் ஆடவராகிய ஓதுவார் நாவில் மட்டுமே கோயிலில் ஒலித்தது.

பழைய சேரநாட்டில் வேறு வகையாக நிகழ்ந்தது. அங்குத் திருவெம்பாவை பரவவில்லை. நோன்போ உயிரோடு உள்ளது. தனு மாதத் திருவாதிரையைக் கேரளப் பெண்கள் தம் பெருநாளாகக் கொண்டாடுகின்றனர். விடியற்குமுன் குளத்தில் இறங்கி, கையால் நீரைக் குத்தி ஓசை எழுப்பிப் பாடிக் குளிக்கின்றனர். நோன்பிருந்து, வட்டமாக நின்று கைகொட்டி ஆடி, நள்ளிரவில் பூச்சூடி, ஊஞ்சலாடி, சிவபெருமானையும் உமையம்மையையும் பாடுகின்றனர். கன்னியர் நல்ல கணவனையும், மணமானவர் கணவன் வாழ்நாளையும் வேண்டுகின்றனர். பரிபாடல் கூறும் அம்பா ஆடலை இன்று கண்ணாற் காண விரும்புவோர் செல்லத்தக்க இடம் அதுவே. தமிழ்நாட்டில் பாட்டு எஞ்சியது; மலையாள நாட்டில் நீராட்டு எஞ்சியது.

இனி, கடல் கடந்த கதை. சயாம் நாட்டின் மேல்கரையில் தகுவாபா என்னுமிடத்தில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துளது. அவனிநாரணம் என்னும் பெயருடைய குளம் ஒன்று தோண்டப்பட்டு, மணிக்கிராமத்தார் முதலியோர் காவலில் விடப்பட்ட செய்தியை அது கூறும். அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் பட்டப்பெயர். தமிழ் வணிகர் சென்ற இடத்தில் முதலிற் குளம் தோண்டினர். குளம் இருந்த இடத்தில் மார்கழி நோன்பும் சென்றிருத்தல் கூடும் என்பது உய்த்துணரத்தக்கது. எக்காலத்தில் எவ்வழியாகச் சென்றதாயினும், சயாம் அரசவை அந்தணரிடத்தில் ஒரு விழா நிலைத்திருந்தது. அதன் பெயர் திரியம்பாவை – திரிபாவை என்பதாம். முன்னது சிவபெருமானுக்கு, பின்னது திருமாலுக்கு. திருவெம்பாவை, திருப்பாவை என்னும் பெயர்களே இவ்வாறு திரிந்தன என்பதில் ஐயமில்லை. அவ்வந்தணர் தம் முன்னோர் இராமேசுவரத்திலிருந்து வந்தவர் எனச் சொல்லிக் கொள்வதும் உண்டு.

பாங்காக் நகரில் முதலாம் இராம மன்னன் 1784-ஆம் ஆண்டில் பிராமணர் கோயிலையும், அதன் அருகே மாபெரும் ஊசல் ஒன்றையும் அமைத்தான். செந்நிறத் தூண்கள் ஏறத்தாழ தொண்ணூறு அடி உயரமுடையவை. விழாவில் உயர்குடியினர் ஒருவர் சிவபெருமானின் நிலையில் இருந்து, ஒரு காலை மற்றொரு முழந்தாளின்மேல் வைத்து வீற்றிருப்பார். அவர் முன்னிலையில் இளைஞர் ஊசலில் வான்நோக்கி உந்தி ஆடி, கழையிற் கட்டிய பணமுடிப்பைப் பல்லாற் கவ்வுவர். ஆண்டுக்கு ஒரு முறை சிவபெருமான் மண்ணுலகிற்கு வந்து பத்து நாள் தங்குகிறார் என்பது அவர் நம்பிக்கை. பத்து நாள் என்னும் கணக்கு நம் கோயில்களின் திருவெம்பாவை விழாவோடு ஒத்திருத்தல் காண்க. ஊசல் எவ்வாறு சேர்ந்தது என்று வினவுவார்க்கு, மயிலைப் பதிகத்தின் பொன்னூசலும், திருவாசகத்தின் திருப்பொன்னூசலும், கேரள மகளிரின் ஆதிரை ஊஞ்சலும் விடையாக நிற்கும். கன்னியர் ஊசல் அங்கே வீரர் ஊசலாயிற்று. 1935-ஆம் ஆண்டில் இவ்வூசலாட்டம் நிறுத்தப்பட்டது. தூண்கள் மட்டும் 2007-ஆம் ஆண்டில் புதிய தேக்கு மரத்தாற் புதுப்பிக்கப்பட்டு நகர் நடுவே நிற்கின்றன.

ஊசல் நின்றாலும் ஓதுதல் நிற்கவில்லை. அந்தணர் கோயிலுக்குள் அவர்கள் இன்னும் தமிழ்ப் பாக்களை ஓதி வருகின்றனர்; ஓதுவது தமிழ் என்பதையும் அதன் பொருளையும் அவர் பல தலைமுறைகளாக அறிந்திலர். தனிநாயக அடிகள் 1950-களில் அந்நாடு சென்று இதனைக் கேட்டுத் தமிழுலகிற்கு அறிவித்தார். ஜான் மார் என்னும் ஆங்கில அறிஞர் பாங்காக்கிலுள்ள கிரந்தச் சுவடிகளை ஆராய்ந்து, அவற்றுள் தேவாரப் பாடல்களும் இருத்தலைக் காட்டினார். கிரந்த எழுத்தில் ழ, ற, ன போன்ற தமிழுக்கே உரிய எழுத்துகள் இல்லை. அதனால் எழுதும்போதே ஒலி சிதைந்தது. சயாம் நாவில் மேலும் சிதைந்தது. இருந்தும் கைவிட்டாரல்லர். பொருள் அறியாத ஒன்றை, பெறுதற்கரிய பொருள் என்று மதித்து, பிழையோடேனும் மகன் தந்தையிடம் கேட்டு ஓதி வந்தான். அரசன் அவர்க்கு வாழ்வளித்தான். ஆதலின் பாட்டு பிழைத்தது. இதனை எள்ளி நகையாடுதல் தகாது. பொருள் தெரிந்த நாட்டில் பாடுவாரின்றிக் கோயில் வாயில் அடைபட்டுக் கிடந்த விடியற்பொழுதுகளும் உண்டன்றோ!

யாழ்ப்பாணத்தில் வேறொரு நல்வழக்கம் உண்டு. திருவெம்பாவைக் காலமாகிய பத்து நாட்களிலும் வைகறையில் சிறுவர் சங்கு ஊதியும் சேமக்கலம் அடித்தும் வீதிதோறும் சென்று மக்களை எழுப்புவர். எழுந்தோர் நீராடிக் கோயிலுக்குச் செல்ல, அங்கே திருவெம்பாவை ஓதப்படும். ஒருவர் ஒருவரை எழுப்புதல் என்னும் பாட்டின் செயலே அங்கே ஊர்ச் செயலாகியது. பனியில் நடுங்கும் சிறுவன் கையிற் சங்கு என்பது எளிய செய்தியன்று.

தமிழ்நாட்டில் 1950-களின் தொடக்கத்தில் காஞ்சிக் காமகோடி பீடத்து ஆசாரிய சுவாமிகளின் தூண்டுதலால் திருப்பாவை–திருவெம்பாவை மாநாடுகள் நடைபெற்றன. பள்ளிச் சிறுவர் சிறுமியர் இருபாவைகளையும் நெட்டுருச் செய்து ஒப்பிக்கும் வழக்கம் அவற்றாற் பெருகிற்று. சைவ மடங்கள் ஓதுவார்ப் பயிற்சியைத் தொடர்ந்து நடத்தி வந்தன. பின்னர் ஒலிபெருக்கி வந்தது. மார்கழி விடியலில் கோபுரத்திலிருந்து ஊரெங்கும் பாட்டு ஒலிக்க, கோயிலுள்ளே பாடுவார் ஒருவரும் இல்லாத நிலை பல ஊர்களில் நேர்ந்தது. கருவியில் அடைத்த குரல் எத்துணை இனிதாயினும் அது எவரையும் பெயர் சொல்லி எழுப்புவதில்லை. திருவெம்பாவையின் முதல் எட்டுப் பாடலும் ஒருவர் வாயிலில் நின்று மற்றொருவரை விளித்துப் பேசுவன என்பதை எண்ணினால், இக்குறை சிறிதன்று என்பது விளங்கும்.

அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டுத் திருக்கோயில்களில் மகளிரும் முறைப்படி ஓதுவாராக அமர்த்தப்பட்டுள்ளனர். இதனைப் புதுமை என்று சிலர் முகஞ்சுளித்தனர். வையைக் கரையில் நீராடிய சிறுமியர், அண்ணாமலையில் அடிகள் செவியில் விழுந்த குரலினர், சோழர் கல்வெட்டில் பாட்டு முறைமை பெற்றோர் ஆகியோரை எண்ணுவார்க்கு இதிற் புதுமை யாதும் இல்லை.

குடமுழுக்கு மலர்களிலே கருங்கல் தளம் இட்டவர், கதவுக்கு வெள்ளித் தகடு போர்த்தவர், வேள்விச் சாலைக்கு நெய் தந்தவர் ஆகியோர் பெயர்கள் நிறைந்திருத்தல் முறையே. தஞ்சைக் கல்வெட்டிலோ நாற்பத்தெண்மர் பிடாரர் பெயர்கள் தனித்தனியே, ஒருவரும் விடுபடாமல், அவர்க்குரிய நெல்லளவோடு பொறிக்கப்பட்டுள்ளன. அக்கல் ஆயிரம் ஆண்டுகளாக அங்கே இருக்கின்றது. மார்கழிப் பத்து நாளும் வைகறையில் ஒரு விளக்கும், ஓதுவார் ஒருவர்க்கு நெல்லும், பாடி வரும் சிறுமியர்க்குச் சூடான பொங்கலும் என்று கட்டளை எழுதுவதற்கு, கோபுரத்திற்கு ஆகும் செலவில் நூற்றில் ஒரு பங்கும் வேண்டுவதில்லை.

திருச்சிற்றம்பலம்